கழிவுநீர் போகும் முகவரி

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் எண் தெரிந்தால், அதன் அஞ்சல் குறியீடு பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். 560 என்று எழுதி, பின்னால் புளோக் எண்ணை ஒட்டவேண்டியதுதான். அவென்யூ 2-இல் உள்ள 259-ஆம் புளோக்குக்கு 560259. 1995-இல் சிங்கப்பூர் ஆறிலக்கக் குறியீட்டுக்கு மாறியபோது, கட்டடத்துக்கு ஒரு குறியீடு என்று வகுத்ததால் கிடைத்த வசதி இது. தபால்காரருக்கும், சாப்பாடு கொண்டுவரும் இளைஞருக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அந்த ஆறு எண்கள் போதும்.

அதே புளோக்கின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டால் இத்தனை சுலபமாகப் பதில் கிடைக்காது. ஒரு புளோக்குக்குக் கடிதம் வரும் வழி ஒன்றுதான். தண்ணீர் வெளியேறும் வழிகளோ பல. குளியலறைகளுக்கும் சமையலறைகளுக்கும் பின்னால் செங்குத்துக் குழாய்கள் மாடி மாடியாக இறங்குகின்றன. ஒரு நீண்ட புளோக்கில் அப்படிப் பல குழாய்கள் இருக்கும். கீழே அவை தரைக்கு அடியில் உள்ள சேம்பர்களில் சேர்கின்றன. சேம்பர்களிலிருந்து ஒரு சிறு குழாய், புல்வெளிக்கு அடியிலோ சாலைக்கு அடியிலோ ஓடும் பொதுக் கழிவுநீர்க் குழாயைப் போய்த் தொடுகிறது. கடைசிச் சேம்பர் வரை கட்டடத்தாரின் பொறுப்பு. வீவக புளோக் என்றால் நகர மன்றம் கவனிக்கும். அதற்கு அப்பால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் எல்லை.

அந்தச் சிறு குழாயின் நீளம் சில மீட்டர் அல்லது சில பத்து மீட்டர். கழிவுநீர்க் கட்டமைப்பைக் கணினியில் மாதிரியாக உருவாக்குகிறவர்கள் இதை வீட்டு இணைப்பு என்பார்கள். தமிழ்நாட்டில் 'பாதாளச் சாக்கடைக் கனெக்‌ஷன்' என்று வீட்டு உரிமையாளர் எதற்குப் பணம் கட்டுகிறாரோ, அதே சமாச்சாரம். கணினி மாதிரிகளில் பிழை அதிகம் பதுங்கும் இடமும் இதுதான். பெரிய குழாய்களின் விட்டம், சரிவு, ஆழம் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். எந்த வீடு எந்தக் குழாயில் கலக்கிறது என்ற கேள்விக்கு வரும்போது, திரையில் தெரியும் கோடுகளில் பல, ஒரு நிரல் ஊகித்துப் போட்டவை.

கணினி மாதிரி என்பது மிரட்டும்படியான விஷயமல்ல. மேன்ஹோல்களைப் புள்ளிகளாகவும் குழாய்களைக் கோடுகளாகவும் வரைந்து, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நீர் நுழைகிறது என்று சொல்லிவிட்டால், எங்கே எவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கும், எந்த வேகத்தில் ஓடும், எந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் என்று மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். அதற்கு அடியிலுள்ள சமன்பாடுகளை 1871-இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட் வெனான்ட் எழுதிவிட்டார். குழாயின் சொரசொரப்பும் சரிவும் வேகத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதற்கு 1889-இல் அயர்லாந்துக்காரரான ராபர்ட் மானிங் ஒரு சூத்திரம் கொடுத்தார். இரண்டையும் கணினியில் ஏற்றிய ஆரம்பகால மென்பொருள்களில் பேர்பெற்றது, 1971-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட 'ஸ்வம்'. அது இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. விலைக்கு வாங்கும் இன்ஃபோவொர்க்ஸ், மைக் போன்றவற்றில் வசதிகள் அதிகம். ஆனால் உள்ளே ஓடுவது அதே இயற்பியல்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு வீடுகள் கொண்ட ஒரு புளோக், அதில் 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் சிங்கப்பூர்வாசி ஒருவர் வீட்டில் பயன்படுத்திய நீர் நாளொன்றுக்குச் சராசரி 141 லிட்டர். எல்லாமே கழிவாகிறது என்று கொண்டால் ஒரு நாளுக்கு 42,300 லிட்டர், அதாவது நொடிக்கு அரை லிட்டர். ஆனால் யாரும் நாள் முழுக்கச் சீராகக் குளிப்பதில்லை. பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் காலை வேளையில் எல்லா வீட்டுக் குழாயும் ஒருசேரத் திறக்கும். உச்ச நேரத்தில் சராசரியைப்போல் எத்தனை மடங்கு நீர் வரும் என்று சொல்ல, ஹார்மன் என்ற பொறியாளர் 1918-இல் தந்த சூத்திரம் ஒன்றுண்டு. 300 பேருக்கு அது நான்கு மடங்கு என்கிறது. ஆங் மோ கியோ முழுவதையும், அதாவது ஏறக்குறைய 1,60,000 பேரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் குறைவு. கூட்டம் பெருகப் பெருக, ஒருவர் பல் தேய்க்கும் நேரம் இன்னொருவர் பாத்திரம் கழுவும் நேரத்தோடு கலந்து, ஏற்ற இறக்கம் மட்டுப்பட்டுவிடுகிறது.

ஆக, நம் புளோக்கின் உச்சம் நொடிக்கு இரண்டு லிட்டர். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் போட்டால், மானிங் சூத்திரப்படி அது நொடிக்கு 32 லிட்டர் வரை தாங்கும். ஒரு புளோக்கைத் தவறான குழாயில் சேர்த்துவிட்டாலும் எந்த மூடியும் திறந்துகொள்ளாது. ஒரு தவறு தெரியாது, இரண்டும் தெரியாது, பத்து சேரும்போதுதான் திரையில் ஏதாவது சிவக்கும். இந்தப் பிழைகள் இத்தனை காலம் கண்ணில் படாமல் வாழ்வதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரசியமானது. மாதிரி சரியா என்று சோதிக்க, குழாய் வலையின் கீழ்க்கோடியில் ஒரு நீரோட்ட அளவி வைப்பார்கள். சில வாரங்கள் அது காட்டும் எண்களை மாதிரி சொல்லும் எண்களோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஆனால் 100 புளோக்குகளில் 20 புளோக்குகளைத் தவறான கிளையில் சேர்த்திருந்தாலும், எல்லாக் கிளைகளும் கீழே போய்ச் சேருமிடம் ஒன்றுதானே? அங்கே மொத்தம் மாறாது. வந்து சேரும் நேரத்தில் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. தவறான இணைப்புகளைக் கொண்ட மாதிரி, அளவியின் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கித் தேறிவிடும். மொத்தம் பொருந்துவதை மட்டும் பார்த்து ஒரு மாதிரிக்குச் சான்றிதழ் கொடுப்பது எனக்கு என்றுமே உவப்பானதாக இருந்ததில்லை.

சரி, தவறு எப்படி நுழைகிறது? பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான். பல்லாயிரம் கட்டடங்களைக் கையால் ஒவ்வொன்றாக இணைக்க முடியாது. ஆகவே மென்பொருளில் ஒரு விதியைக் கொடுக்கிறார்கள்: ஒவ்வொரு கட்டடத்தையும் அதற்கு மிக அருகிலிருக்கும் குழாயோடு சேர். அல்லது ஒவ்வொரு மேன்ஹோலையும் சுற்றி, அதற்கே நெருக்கமான நிலத்தை எல்லை பிரித்துக் கொடு. அந்த எல்லைக்குள் விழுகிற வீடுகளெல்லாம் அதற்குச் சொந்தம். வொரோனோய் என்ற கணித மேதையின் பெயர் தாங்கிய இந்தப் பாகப்பிரிவினை பார்க்க அழகாக இருக்கும். சில நிமிடங்களில் மொத்த நகரமும் இணைந்துவிடும். அந்த நிமிடங்களில் மென்பொருளுக்குத் தெரிந்தது தூரம் மட்டுமே. தண்ணீருக்கோ தூரம் ஒரு பொருட்டல்ல; அதற்குப் பள்ளம்தான் முக்கியம்.

ஆங் மோ கியோவைப் பொறுத்தவரை முதல் சிக்கல், கட்டடம் என்பதையே ஒரு புள்ளியாகச் சுருக்குவதில் தொடங்குகிறது. ஒரு புளோக், ஒரு அஞ்சல் குறியீடு, வரைபடத்தில் ஒரு புள்ளி. 1973-இல் கட்டத் தொடங்கிய இந்த நகரத்தில் நீளமான ஸ்லாப் புளோக்குகள் ஏராளம். நீண்ட புளோக்கின் கிழக்குப் பாதி ஒரு சேம்பர் வரிசையிலும் மேற்குப் பாதி இன்னொன்றிலும் கலந்து, இரண்டும் வெவ்வேறு சாலைக் குழாய்களுக்குப் போகலாம். மென்பொருள் நடுப்புள்ளியை எடுத்து, 300 பேரையும் ஒரே பக்கம் தள்ளிவிடும். 'ட' வடிவப் புளோக்காக இருந்தால் நடுப்புள்ளி கட்டடத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்திலோ விளையாட்டுத் திடலிலோ போய் விழும். 259-ஆம் புளோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் கட்டி முடித்த 25 மாடிக் கட்டடம் அது. நான்கு வட்டக் கோபுரங்கள் ஒட்டி நிற்கும், மேலிருந்து பார்த்தால் க்ளோவர் இலை. அதன் நடுப்புள்ளி எந்தக் கோபுரத்துக்கும் சொந்தமில்லை. அங்கிருந்து எந்தக் குழாய் அருகில் என்று கேட்டு என்ன பயன்?

இரண்டாவது சிக்கல், வரைபடம் மேலிருந்து பார்ப்பது. சிங்கப்பூரின் ஆழ் சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பு தரைக்கு 20 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் ஓடுகிறது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரையிலான 48 கிலோமீட்டர் சுரங்கம் முதல் கட்டத்தில் முடிந்து, சாங்கி நீர் மீட்பு ஆலை 2009-இல் திறப்பு விழா கண்டது. செலேத்தார், கிம் சுவான், பிடோக் என்று ஆங்காங்கே இருந்த பழைய சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், நூற்றுக்கும் மேற்பட்ட நீரேற்று நிலையங்களுக்கும் ஓய்வு கொடுப்பதற்கான திட்டம் அது. வீடுகள் அதில் நேரடியாக இணைவதே இல்லை. சாலைக் குழாய்கள் பெரிய குழாய்களில் சேர்ந்து, அவை இணைப்புக் குழாய்கள் வழியாகத்தான் சுரங்கத்துக்குள் இறங்கும். ஆனால் தட்டையான வரைபடத்தில் சுரங்கமும் ஒரு கோடு, சாலைக் குழாயும் ஒரு கோடு. ஒரு வீடு சரியாகச் சுரங்கத்துக்கு மேலே அமைந்துவிட்டால், 'மிக அருகில்' என்ற விதி கூசாமல் அந்தச் சமையலறைத் தொட்டியைப் பதினைந்து மாடி ஆழத்திலுள்ள சுரங்கத்தோடு இணைத்துவிடும். அழுத்தத்தில் நீரைத் தள்ளும் பம்புக் குழாய்களுக்கும் இதே கதி. அவற்றில் வீட்டு இணைப்புக் கொடுத்தால் பம்பு ஓடும்போது நீர் வீட்டுக்குள்தான் வரும்.

லிட்டில் இந்தியாவுக்குப் போனால் சிக்கலுக்கு வரலாறும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கடைவீடுகளின் முகவரி சிராங்கூன் ரோட்டிலோ டன்லப் ஸ்திரீட்டிலோ இருக்கும். முகப்பில் ஐந்தடிப் பாதை, அதற்கு மேல் வண்ண ஜன்னல்கள். கழிவறையும் சமையற்கட்டும் எப்போதும் பின்பக்கம். 1907-இல் டாக்டர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் இந்த நகரின் சுகாதாரக் கேட்டைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய கடைவீடுகளுக்கு நடுவே பின்சந்துகள் வெட்டவேண்டும் என்று வலியுறுத்தினார். காற்றும் வெளிச்சமும் வரவேண்டும். மலவாளிகளை வீட்டுக்குள் புகுந்து முன்வாசல் வழியே தூக்கிப் போகாமல் பின்னாலேயே எடுத்துப் போகவேண்டும். 1927-இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அந்தச் சந்துகளை ஒவ்வொன்றாக வெட்டியது. மலவாளி முறை இந்தத் தீவில் 1987-இல்தான் முழுதாக ஒழிந்தது. வாளி போய்க் குழாய் வந்தபோது, இப்படிப்பட்ட கடைவீட்டுப் பகுதிகளில் அது வாளி போன வழியிலேயே, பின்சந்தில், போவதுதானே இயல்பு? முகவரிப் புள்ளி கடையின் முகப்பில் இருந்தால், மென்பொருள் சிராங்கூன் ரோட்டுக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வரிசைக் கடைகள் அத்தனையும் தவறான தெருவில் கழிவுநீர் விட்டுக்கொண்டிருக்கும், திரையில் மட்டும்.

இவற்றைத் திருத்துவது எப்படி? முதலில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே பிடிக்கக்கூடிய பிழைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்க மென்பொருளிடம் வேறு கேள்விகளைக் கேட்கவேண்டும்.

வீட்டுச் சேம்பரின் அடிமட்டம், அது போய்ச் சேரும் குழாயின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் மேடேறுகிறது. கோடு தவறு, அல்லது மட்டம் தவறு. இந்த ஒரு கேள்விக்கே வலையில் ஏராளமான மீன் விழும். மட்டம் தவறாக இருப்பதற்கும் சிங்கப்பூரில் உள்ளூர்க் காரணங்கள் உண்டு. ஆங் மோ கியோ, மெட்ரிக் அளவையில் திட்டமிட்டுக் கட்டிய முதல் வீவக நகரம். அதற்கு முந்தைய பேட்டைகளின் வரைபடங்கள் அடி, அங்குலக் கணக்கு. எட்டு அங்குலத்தை 200 என்று எழுதினால் பெரிய நட்டமில்லை. மட்டத்தில் அடியை மீட்டர் என்று படித்துவிட்டால் குழாய் வானத்தில் பறக்கும். அப்படிப் பறக்கிற பிழை நல்ல பிழை, உடனே தெரிந்துவிடும். முப்பது சென்டிமீட்டர் மட்டுமே பிசகியிருப்பதுதான் ஆபத்து.

அடுத்து, இணைப்புக் கோடு எதைத் தாண்டிப் போகிறது? ஒரு வீட்டின் குழாய் பக்கத்துப் புளோக்கின் அடித்தூண்களைத் துளைத்துக்கொண்டோ, பெருவிரைவு ரயில் தண்டவாளத்தைக் கடந்தோ, காலாங் ஆற்றின் மறுகரைக்கோ போகாது. போவதுபோல் வரைபடம் சொன்னால் நம்பவேண்டியதில்லை. கோட்டின் நீளத்தையும் பார்க்கலாம்: மற்றவையெல்லாம் இருபது முப்பது மீட்டராக இருக்கும்போது ஒன்று மட்டும் இருநூறு மீட்டர் நீண்டால், அருகிலிருக்கும் உண்மையான குழாய் வரைபடத்தில் விடுபட்டிருக்கிறது என்று பொருள். எந்தக் குழாயோடும் சேராமல் தொங்கும் வீடுகள், ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்புகள், கைவிட்ட பழைய குழாயில் சேர்ந்தவை, மழைநீர்க் கால்வாயில் சேர்ந்தவை என்று தனித்தனியாகப் பட்டியல் எடுக்கலாம். இரு குழாய்களுக்கும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும் வீடுகளைத் தனியாகப் பிரித்து வைப்பது என் பார்வையில் மிகப் பயனுள்ள பட்டியல். மற்றவை நிச்சயத் தவறுகள், இவை சந்தேகங்கள். சந்தேகங்களுக்குத்தான் ஆள் அனுப்பவேண்டும்.

ஆள் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? மிகப் பழைய வழி, சாயம். கழிவறையில் பச்சையாக ஒளிரும் ஃப்ளோரெசினைக் கரைத்து ஊற்றிவிட்டு, சந்தேகத்துக்குரிய இரண்டு மேன்ஹோல்களையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்பது. எதில் பச்சை வருகிறதோ அதுதான் வழி. அடால்ஃப் வான் பாயர் 1871-இல் உருவாக்கிய சாயம் இது. ஆறு ஆண்டு கழித்து ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுப் படுகையில் நீர் மறையும் பொத்தலில் இதைப் பத்து கிலோ கொட்டினார்கள். ஏறத்தாழ இரண்டரை நாளில், முற்றிலும் வேறு ஆறான ஆகின் தலையூற்றில் பச்சைத் தண்ணீர் பொங்கியது. டான்யூபின் நீர் திருட்டுத்தனமாக ரைனுக்குப் போகிறது என்ற ஊர்ச்சண்டைக்கு அதோடு விடை கிடைத்தது. ஒரு கண்டத்தின் நீர்ப்பிரிவையே தீர்த்துவைத்த முறை, நான்காம் மாடிக் கழிவறைக்கும் பொருந்துகிறது.

இன்னொன்று புகை. மேன்ஹோலில் தீங்கற்ற வெண்புகையை ஊதினால், குழாய் வலையோடு தொடர்புள்ள திறப்புகளிலெல்லாம் அது எட்டிப்பார்க்கும். கூரை மழைநீர்க் குழாயில் புகை வந்தால், அந்தக் கூரையில் விழும் மழை கழிவுநீரோடு கலக்கிறது என்று அர்த்தம். சிங்கப்பூரில் இதற்குப் பொருள் பெரிது. இங்கே மழைநீருக்கும் கழிவுநீருக்கும் முழுதும் தனித்தனி வழிகள். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர். மழைநீர் கழிவுநீர்க் குழாயில் நுழைந்தால் நொடிக்கு இரண்டு லிட்டர் எதிர்பார்த்த இடத்தில் இருபது வரும். எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். ஆங் மோ கியோவின் தென்பக்கத்தில் பூங்காவுக்குள் வளைந்து ஓடும் காலாங் ஆறு, 2012-க்கு முன்பு வெறும் கான்கிரீட் லோங்காங் (வடிகால்); இப்போது நீர்நாயும் நாரையும் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். அந்த ஆறு போய்ச் சேருவது மரினா நீர்த்தேக்கத்துக்கு, அதாவது குடிநீருக்கு. ஒரு கழிவறைக் குழாயைத் தெரியாத்தனமாக மழைநீர்க் கால்வாயில் செருகிவிட்டால் அது போகும் வழி அதுதான். கழிவுநீர்க் குழாயிலிருந்து அந்த வீடு காணாமல் போயிருக்கும். மொத்தக் கணக்கில் ஒரு வீடு குறைந்ததை எந்த அளவியும் சொல்லாது.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாக விட்ட கழிவுநீர் இணைப்புகளைத் தேடித் துண்டிப்பது அங்கே மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தீராத வேலை. கூவம் ஆற்றில் இறங்குவதில் எத்தனையோ பங்கு பதிவேட்டில் இல்லாத இணைப்புகளுடையது. இங்கே வரைபடம் தப்பாக இருந்தால் சக்கரம் வைத்த கேமராவைக் குழாய்க்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள். அங்கே, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பிறகும், அடைப்பு எங்கே என்று தெரியாதபோது மனிதனை இறக்கிய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இணைப்பு வரைபடத்தைத் திருத்துவது வெறும் அலுவலக வேலை என்று யாராவது சொன்னால், நான் இந்த வித்தியாசத்தைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

சிங்கப்பூரிலும் நிலத்தடி வரைபடங்கள் தேவைக்கேற்ற நம்பகத்தோடு இல்லை என்பதை ஒப்புக்கொண்டே 2017-இல் 'டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்' என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. சிங்கப்பூர் நில ஆணையமும் சிங்கப்பூர்-ஈடிஎச் நிலையமும் ஸூரிக் நகரமும் சேர்ந்து எடுத்த முயற்சி. தரையை ஊடுருவும் ரேடாரை வண்டியில் வைத்து இழுத்துச் சென்று அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். ரேடார் ஒரு குழாய் இருப்பதைக் காட்டும். அதற்குள் யாருடைய குளியல் நீர் ஓடுகிறது என்று காட்டாது. ஆகவே இணைப்பு விஷயத்தில் சாயம் இன்னும் வேலையிழக்கவில்லை.

எதற்கு இத்தனை பாடு என்ற கேள்வி நியாயமானது. குழாய் வழியாமல் இருந்தால் போதாதா? 2020 வரை அப்படிக் கேட்டிருக்கலாம். கொவிட் காலத்தில் தேசிய சுற்றுப்புற வாரியம் கழிவுநீரில் வைரஸ் துணுக்குகளைத் தேட ஆரம்பித்தது. முதலில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில், பிறகு வீவக புளோக்குகளின் மேன்ஹோல்களில் தானியங்கி மாதிரியெடுப்பான்களை வைத்தார்கள். 2021-இல் சில புளோக்குகளின் கழிவுநீரில் துணுக்கு தெரிந்ததும், குடியிருப்பவர் அனைவரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: இந்த மேன்ஹோலில் வரும் நீர் இந்தப் புளோக்கினுடையது. அது தவறாக இருந்தால், நோயில்லாத ஒரு புளோக் வரிசையில் நிற்கும், நோயுள்ள புளோக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும். கொள்ளளவுக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத பிழை, இங்கே ஆள் மாறாட்டமாகிவிடுகிறது.

தொழிற்சாலைகளிலும் இதே கதைதான். ஆங் மோ கியோவில் தொழிற்பேட்டைகள் உண்டு. கழிவுநீர்க் குழாய்களில் ஆவியாகும் கரைப்பான்களை மோப்பம் பிடிக்கும் உணரிகளைப் பொதுப் பயனீட்டுக் கழகம் தீவில் பல இடங்களில் வைத்திருக்கிறது. யாரோ இரவில் கரைப்பானைக் கொட்டினால் உணரி அலறும். அதன்பின் வரைபடத்தில் மேல்நோக்கித் தடம் பிடித்துப் போகவேண்டும்: இந்த மேன்ஹோலுக்கு மேலே எது, அதற்கும் மேலே எது, கடைசியில் எந்தப் பட்டறை. கடைசிப் படி ஊகத்தில் போட்ட கோடாக இருந்தால், வழக்கறிஞர் ஒருவர் அதை ஐந்து நிமிடத்தில் கிழித்துப்போடுவார்.

இதற்காகவே நல்ல மென்பொருள்களில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறி போட இடம் வைத்திருக்கிறார்கள்: இது அளந்தது, இது பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது, இது ஊகம். திருத்தும் வேலையில் பாதி இந்தக் குறிகளை ஒழுங்காகப் போடுவதுதான். ஆனால் மாதிரியை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது முதலில் உதிர்ந்துபோவதும் இவையே. அறிக்கையில் அச்சாகும் வரைபடத்தில் சாயம் ஊற்றி உறுதிசெய்த கோடும், நள்ளிரவில் நிரல் ஒன்று நொடிக்கு நூறு என்று போட்டுத் தள்ளிய கோடும் ஒரே கறுப்பில், ஒரே தடிமனில் இருக்கும். ஊகத்தைப் புள்ளிக்கோடாக அச்சிடக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது. ஆனால் வரைபடம் முழுக்கப் புள்ளிக்கோடாக இருப்பதைப் பார்க்க எந்த வாடிக்கையாளரும் விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

திருத்தி முடித்த மாதிரியும் அப்படியே நிற்காது. ஆங் மோ கியோவில் வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காகத் தோண்டுகிறார்கள். அவென்யூ 6-இன் அடியில் எத்தனையோ குழாய்கள் இடம் மாறவேண்டியிருக்கிறது. 2022 ஏப்ரலில், செர்ஸ் என்று எல்லாரும் சொல்லும் மறுமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் அவென்யூ 3-இன் 562 முதல் 565 வரையிலான நான்கு புளோக்குகளை இடிக்கத் தேர்ந்தெடுத்திருப்பதாக வீவக அறிவித்தது. 606 வீடுகள். குடும்பத்துக்கு மூன்று பேர் என்றால் 1,800 பேர், நாளுக்கு இரண்டரை லட்சம் லிட்டர். அவர்களுக்கான மாற்று வீடுகள் ஆங் மோ கியோ டிரைவில். புதிய புளோக்குகளின் இணைப்புகளை மாதிரியில் சேர்க்க யாரும் மறக்கமாட்டார்கள். அதற்கு வரைபடம் வரும், அனுமதி வரும், கட்டி முடித்த சான்றிதழ் வரும். பழைய நான்கு புளோக்குகளின் கோடுகளை அழிக்கச் சொல்லி யாரும் கடிதம் அனுப்புவதில்லை. ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு அழிக்காவிட்டால், அந்த 606 குடும்பங்களும் கணினிக்குள் தினமும் இரண்டு வீட்டில் குளித்துக்கொண்டிருப்பார்கள்.